மாடிக்குப் போட்ட பூட்டு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு அறைகள் கொண்ட லைன் வீடு ஒன்று இருக்கிறது. என் கணவரின் பனியன் கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில் கட்டியது. அறைக்கு ஒரு குடும்பம். நான்கு குடும்பத்துக்கும் பொதுவாக இரண்டு குளியலறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே ஒரு மொட்டை மாடி. குடியிருப்பவர்கள் எல்லாரும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் துவைப்பார்கள். அன்றைக்கு மாடியில் கொடிக்குக் கொடி துணி தொங்கும். கோடைக்காலத்தில் பாயை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். அந்த மாடியை நான் அவர்களிடமிருந்து பிடுங்கினேன். அதுவும் சூரிய ஒளியின் பெயரைச் சொல்லிப் பிடுங்கினேன்.

எங்கள் வீதியில் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு குழுவாக இருந்தோம். மளிகைக்குத் துணிப்பை, சமையலறைக் கழிவில் உரம் என்று ஆரம்பித்தது. அப்புறம் வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் போட வைப்பது என்று பெரிதாயிற்று. இதில் எனக்கு உண்மையான அக்கறை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. சாயம் கலந்து ஓடும் நொய்யல் ஆற்றில் என்ன நிறத்தில் தண்ணீர் போகிறதென்று பார்த்தாலே, வெளிநாட்டில் அந்த வருடம் எந்த நிறத்துக்கு கிராக்கி என்று சொல்லிவிடலாம் என்பார் என் மாமனார். நாங்கள் சிரிப்போம். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கூசும். நம்மால் கெட்டதை நம்மால் முடிந்த அளவு சரிசெய்ய வேண்டும் என்று குழுவில் நான்தான் அதிகம் பேசினேன். பேசுவது எனக்கு நன்றாக வரும்.

ஊருக்குச் சொல்கிறவள் முதலில் தன் வீட்டில் போட வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டின் மேல், பக்கத்து மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல் பாதி நாள் விழும். லைன் வீட்டு மாடியில்தான் காலை முதல் மாலை வரை வெயில். அங்கே போட்டு, கரண்ட் கம்பியை எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

பேனல் போட வந்தவர் அவிநாசிபாளையம் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். மாடியை அளந்துவிட்டுக் கொடிகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க்கா, ஏழடி உசரத்துல கம்பி நிறுத்தி அதுக்கு மேல பேனலப் போட்டறலாமுங்களா? கீழ சனம் நடமாடிக்கலாம். ஓரத்துல நல்லா வெயில் அடிக்கும், துணி காயப்போட்டுக்குவாங்க."

"தரையோட போட்டா என்னங்க?"

"போடலாமுங்க. ஆனா மாடி பூராவும் அடஞ்சு போயிருமுங்க. ஆளு ஒருக்களிச்சுப் பூர்றதுக்குத்தான் சந்து இருக்கும்."

உயர்த்திப் போட்டால் வெல்டிங் வேலைக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார். எங்களுக்கோ தொடக்க விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதோடு வீதியிலிருந்து பார்த்தால் சாரம் கட்டின மாதிரி அசிங்கமாகத் தெரியும் என்றும் எனக்குத் தோன்றியது. போட்டோ எடுப்பார்கள், பத்துப் பேர் பார்க்க வருவார்கள்.

"தரையோடயே போட்ருங்க. அவுங்களுக்குத் துணி காயப்போட எங்கியாச்சும் எடமிருக்கும்" என்றேன்.

அவர் அளவு டேப்பைச் சுருட்டினார். "சரிங்க்கா. ஊடு உங்களது" என்றார்.

பேனல் வந்த பிறகு, யாராவது மிதித்துவிடுவார்கள், பிள்ளைகள் பந்து எறிவார்கள் என்று படிக்கட்டின் மேல் கதவுக்குப் பூட்டும் போட்டேன். நான்கு அறைகளுக்கும் போய் நானே சொன்னேன். பேனல் நிழலில் அவர்கள் அறைகள் குளிர்ச்சியாக இருக்கும் என்றும் சொன்னேன். அது உண்மைதான். அறையில் அனல் குறையத்தான் செய்தது. அந்த உண்மையை வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிட்டேன்.

மூன்றாவது அறையில் தென்காசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன் பனியன் துணி வெட்டும் கட்டிங் வேலை பார்ப்பவன். மனைவி ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஆறு வருடமாக அங்கே குடியிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த வாளியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம மட்டுமாவது தொறந்து விடுவியளா?"

"பாக்கலாம் கண்ணு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு இல்லை என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

விழா நன்றாக நடந்தது. அடுத்தடுத்து எங்கள் வீதியிலேயே பல வீடுகளில் பேனல் ஏறியது. பக்கத்து வீதிகளிலும் ஏறியது. அவிநாசி, திருமுருகன்பூண்டி என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். "சோலார் அக்கா" என்று பெயரே வந்துவிட்டது. சால்வை போர்த்துவார்கள். நான் மேடையில், "வெயிலுக்கு மீட்டர் கிடையாதுங்க. அது எல்லாருக்கும் சொந்தம்" என்பேன். கை தட்டுவார்கள். இதை எழுதும்போது அந்தக் கைதட்டல்தான் முதலில் காதில் விழுகிறது.

லைன் வீட்டில் துணிகளைக் கீழே சந்தில் காயப்போட ஆரம்பித்தார்கள். சுவருக்கும் அறைகளுக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம். ஈரத்துணிக்குள் தலையை நுழைத்துத்தான் வாசலுக்கு வர வேண்டும். அங்கே வெயில் படாது. துணியில் ஒரு முடை நாற்றம் வரும். ஒருநாள் என் கணவர், "ஏனம்மணி, பின்னாடி இந்த நாத்தம் நாறுது?" என்று கேட்டார். "துணி சரியாத் தொவைக்கறதில்லீங்க" என்று நான் பதில் சொன்னேன். சொல்லும்போதே தெரியும், அது பொய் என்று.

அடுத்த வருடம் குழு வேறொரு வேலையைக் கையில் எடுத்தது. மாதவிலக்குக்குக் கடையில் வாங்கும் பேடுகளால் எவ்வளவு குப்பை சேர்கிறது என்று பேசி, பனியன் துணி வேஸ்ட்டிலேயே துணி பேடு தைத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். நல்ல பருத்தித் துணி, எங்கள் கம்பெனியிலேயே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தைக்க ஆள் வேண்டும். மூன்றாவது அறைக்காரியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து தைத்தாள்.

நாங்கள் முதலில் நான்கு மடிப்பாகச் சேர்த்துத் தைக்கத்தான் சொன்னோம். அவள் ஒன்றைத் தைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இப்படி தச்சா உள்ள ஈரம் காயாதுக்கா. ஒரே துணியா விரிக்கிற மாதிரி வச்சு, போடும்போது மடிச்சுக்கிடணும். விரிச்சுக் கொடியில போட்டா கைக்குட்டை மாதிரித்தான் தெரியும். ஆம்பளையளுக்குத் தெரியாது. நான் சின்னதுலருந்து துணிதான்க்கா. கடையில வாங்குனதே கெடையாது."

குழுப் பெண்கள் அசந்துபோனார்கள். அவள் சொன்னபடியே தைத்தோம். பிறகு கூட்டங்களில் அதை எங்கள் குழுவின் வடிவமைப்பு என்றுதான் நான் சொன்னேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கென்று கூட்டம் வைத்தோம். கம்பெனிப் பெண்கள், விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் என்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவளும் வந்திருந்தாள். ஓரத்து மேசையில் பேடுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மைக்கில் விளக்கினேன். எப்படித் துவைப்பது, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் எல்லாம் சொல்லிவிட்டு, "முக்கியமா ஒண்ணு. கட்டாயம் வெயில்ல காயப்போடோணும். ரூம்புக்குள்ள, கட்டலுக்கடியிலன்னு ஒளிச்சுவெச்சுக் காயப்போட்டீங்கன்னா நோவு வந்துரும். வெயிலுதானுங்க நமக்கு டாக்டரு" என்றேன்.

ஒரு பெண் எழுந்து கேட்டாள். "எங்களுக்கு வெயில் படற எடமே இல்லீங்களே?"

"மொட்டை மாடி இல்லாத கட்டடம் ஏது கண்ணு? மாடிக்குப் போ. வெக்கப்படாத."

கை தட்டினார்கள். நான் தற்செயலாக ஓரத்து மேசைப் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்தபடி மடித்துக்கொண்டிருந்தாள். காதோரம் மட்டும் சிவந்திருந்தது. அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. நான் பதில் சொல்லப் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், போய்விட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் இருக்கும். அவள் வேலைக்குப் போகாமல் அறையிலேயே படுத்திருக்கிறாள் என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். போய்ப் பார்த்தேன். காய்ச்சல். உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னவென்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. அப்புறம் மெல்ல, "கீழ புண்ணா இருக்குக்கா. தாங்க முடியல" என்றாள். கட்டிலுக்கு அடியில், கட்டில் கால்கள் இரண்டுக்கு நடுவே, ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. அதில் அவள் தைத்த துணிகள் நான்கைந்து தொங்கின. தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வாடை சொன்னது.

காரில் அவளை அழைத்துக்கொண்டு ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. "சோலார் அக்காதானே? உங்க பேச்சை நான் கேட்டிருக்கேன்" என்று சிரித்தார். எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கிறாள் என்றேன். அவளைப் பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா யூஸ் பண்றே?"

"துணிதான் டாக்டர்."

"எங்கே காயப்போடறே?"

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"ரூமுக்குள்ள டாக்டர்."

"ரூமுக்குள்ளயா? அதனாலதான் இவ்வளவு இன்ஃபெக்‌ஷன். ஏன், மொட்டை மாடி இல்லையா உங்களுக்கு?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாடி இருக்கிறது, நான் பூட்டி வைத்திருக்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் கைப்பையின் உள்ளறையில்தான் அந்தச் சாவி கிடந்தது. நான் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு டாக்டர். நாந்தான் ஏறிப்போக மடிபட்டு, சோம்பல்ல உள்ளேயே போட்டுருதேன்" என்றாள் அவள்.

மருத்துவர் அவளைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். "இத்தனை விஷயம் தெரிஞ்ச அக்கா வீட்டுலேயே குடியிருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா? இவங்க ஊருக்கெல்லாம் சொல்றாங்க, நீ காதுல வாங்கலையா?" என்றார். அவள், "இனிமே வெயில்ல போடுதேன் டாக்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். "நான் பாத்துக்கறனுங்க டாக்டர்" என்று வேறு சொன்னேன்.

திரும்பி வரும்போது காரில் ஏன் எனக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்க நினைத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "ஜூஸ் எதாச்சும் குடிக்கறயா கண்ணு?" என்று கேட்டேன். "வேண்டாம்க்கா" என்றாள்.

மறுநாள் காலை சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். "எப்ப வேணும்னாலும் மேல போ கண்ணு, ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க" என்றேன். கொடுத்ததும் என் பாரம் இறங்கிவிட்டது போல இருந்தது. காய்ச்சல் விட்டு எழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாளியோடு படி ஏறுவதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அதே வாளியோடு இறங்கி வந்தாள்.

"என்ன கண்ணு?"

"மேல கொடி கட்ட எடமே இல்லக்கா. நின்னாக்கூட கால் பேனல்ல படுது. எதுக்கு வம்புன்னு வந்துட்டேன்." சாவியை ஜன்னல் கம்பி வழியாக என்னிடம் நீட்டினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். விழாவுக்குப் பிறகு நான் அங்கே ஏறியதே இல்லை. பேனல் கழுவ ஆள் வந்து போவான், அவ்வளவுதான். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை கறுப்புப் பலகைகள். நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சந்து. அந்தச் சாவியை அவளுக்குக் கொடுத்தது எவ்வளவு வெட்டியான காரியம் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

உடனே உயர்த்திப் போட்டிருக்கலாம். போடவில்லை. வேறு ஊரிலிருந்து ஒரு குழு எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வந்து போகட்டும் என்றேன். வந்து போன பிறகு மழைக்காலம் என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன அவள் திரும்பி வந்ததும், அறையைக் காலி செய்வதாகச் சொன்னாள். அவிநாசிபாளையம் ரோட்டில் வேறு வீடு பார்த்திருக்கிறார்களாம்.

"ஏங்கண்ணு, இங்க என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்லக்கா. அங்க மாடி இருக்கு" என்றாள். என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள்.

அவள் போன பிறகு எனக்கு மேடையில் பேசப் பிடிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று இரண்டு கூட்டங்களைத் தட்டிக்கழித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கணவனிடம் போனில் விலாசம் கேட்டுக்கொண்டு நேரில் போனேன். என்னைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். குடிக்கக் கலர் வாங்கிவர கணவனை அனுப்பினாள். உடம்பு தேறியிருந்தது.

நான் உட்காரவில்லை. "அன்னிக்கு டாக்டருகிட்ட நான் பேசியிருக்கோணும் கண்ணு. பேசல. மாடியப் பூட்டுனது நானு. திட்டு வாங்குனது நீயி. என்னை மன்னிச்சுக்க" என்றேன். எத்தனையோ பேர் முன்னால் பேசிய எனக்கு அந்த ஐந்து வாக்கியமும் திக்கித் திக்கித்தான் வந்தன.

அவள் சங்கடப்பட்டாள். "அத எதுக்குக்கா இப்பப் போயி. நீங்க ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போனியள்ளா" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒரு ஒத்தாசை செய்வியளாக்கா? இந்த ஹவுஸ் ஓனரு உங்க கூட்டத்துக்கு வந்திருக்காக. இவுகளும் மாடியில சோலார் போடப் போறாகளாம். தரையோடதான் போடுவாகன்னு பேச்சு. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாக."

நான் பேசிய பேச்சு எனக்கு முன்னால் அவளைத் துரத்திக்கொண்டு இங்கேயும் வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் முன்பக்கம்தான் குடியிருந்தார். என் வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க்கா, வாங்க. உங்க பேச்சைக் கேட்டுட்டுத்தானுங்க முடிவே பண்ணுனோம்" என்றார். உயர்த்திப் போடச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். வெல்டிங், செலவு எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்.

"உங்க ஊட்லயும் அப்படி உசத்தித்தானுங்களே போட்ருக்கீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் வந்து பார்க்கப் போவதில்லை. பின்னால் வாசற்படி ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லீங்க. நான் தரையோட போட்டேன். லைன் ஊட்டு மாடியப் பூட்டி வெச்சேன். இந்தப் புள்ளைக்கு வெயில்ல துணி போட வழியில்லாம உடம்புக்கு முடியாம போயிருச்சு. இன்னைக்கு வரைக்கும் அப்படியேதானுங்க கெடக்குது."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் மேடையில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் முடிக்காமல் விட்டது இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. உள்ளேயிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாங்கள் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல், "எத்தனை அடிங்க உசத்தோணும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழடிங்க."

"அப்படியே போட்ருவமுங்க" என்று கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்னைக் காப்பி குடிக்கச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களை அப்படி அனுப்ப மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே பேனல்காரருக்குப் போன் செய்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. ஆட்களோடு வந்து எல்லாவற்றையும் கழற்றி, கம்பி நிறுத்தி, உயர்த்திப் போட்டார். இப்போது வீதியிலிருந்து பார்த்தால் சாரம் கட்டின மாதிரித்தான் தெரிகிறது. குழுவில் சிலருக்கு வருத்தம். இந்தக் கதையைக் கூட்டங்களில் சொல்ல வேண்டாம், நம் வேலையின் பேர் கெடும் என்றார்கள். நான் சொல்கிறேன். சொல்லும்போது யாரும் கை தட்டுவதில்லை.

மாடிக் கதவையே கழற்றிவிட்டேன். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை யாரும் மேலே போகவில்லை. அவர்கள் சந்துக்குப் பழகிவிட்டிருந்தார்கள். மூன்றாவது அறைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு இளம் தம்பதி புதிதாக வந்திருந்தார்கள். மாடிக்குப் போகலாம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்தப் பெண் நம்பாமல் சிரித்தாள். மறு ஞாயிறும் சந்தில்தான் துணி தொங்கியது. நான்கு அறைக் கதவையும் மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டினேன். அதற்கடுத்த வாரம் மாடியில் ஒரே ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது.